வீங்கிய எஃகு

ரப்பர் ஷீட் அடித்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், குமிழியைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உறைந்த பாலில் குமிழி நின்றுவிட்டால் ஷீட்டின் தரம் குறையும், விலையும் இறங்கும். அது கண்ணுக்குத் தெரிந்த குமிழி. கண்ணுக்குத் தெரியாத குமிழி ஒன்று எஃகுக்குள்ளேயும் உண்டாகிறது. அதன் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஸ்காட்லாந்தின் வடகரையில் டவுன்ரே என்னும் ஊரில், 1959-ஆம் ஆண்டு ஒரு வேக அணு உலை இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகள் அந்த உலைக்குள் கிடந்த எஃகுக் குழாயை, காத்தோர்ன், ஃபுல்டன் என்ற இருவர் மின்னணு நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். எஃகு முழுவதும் சின்னஞ்சிறு பொத்தல்கள்! இச்செய்தி 1967-இல் வெளியாயிற்று. அணு உலை கட்டுவோர் திகைத்துப் போனார்கள்.

காரணம் இதுதான். உலையில் பறக்கும் நியூட்ரான்கள் எஃகின் அணுக்களை மோதி, இருந்த இடத்திலிருந்து பெயர்க்கின்றன. காலியான இடங்கள் ஒன்றுகூடிக் குமிழி ஆகின்றன. குமிழி என்றேனே, அதற்குள் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை, வெறும் இடந்தான். ஆனால் அந்த வெறும் இடத்தால் குழாய் வீங்குகிறது, வளைகிறது. எரிபொருளைச் சுமக்கும் குழாய் வீங்கினால், அதைச் சுற்றி ஓடி வெப்பத்தைத் தணிக்கும் சோடியத்தின் வழி குறுகிவிடும். இது விளையாட்டல்ல.

வீங்காத எஃகு வேண்டும். ஒவ்வோர் எஃகையும் உலைக்குள் போட்டுப் பார்ப்பதென்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளியே எடுத்தாலும் கதிரியக்கத்தால் கையால் தொட முடியாது. இங்கேதான் கன அயனிகள் துணைக்கு வந்தன. மின்னேற்றம் பெற்ற அணுவே அயனி. நிக்கல் போன்ற கனமான அயனியை வேகமாகச் செலுத்தினால், அது ஒரு நியூட்ரானைவிட மிக அதிகமான அணுக்களைப் பெயர்த்துவிடும். 1970 வாக்கில் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வாளர்கள் இவ்வழியைக் கையாண்டார்கள்.

தமிழ்நாட்டில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கத்தில், 1971-இல் அணு உலை ஆய்வு மையம் அமைந்தது. 1985-இல் அதற்கு இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே வேக உலை ஒன்றும் உயிர் பெற்றது. டவுன்ரேயின் தலைவலி கல்பாக்கத்துக்கும் வந்தது என்று சொல்லலாம்.

அங்குள்ள முடுக்கி 17 இலட்சம் வோல்ட்டில் இயங்குவது. எதிர்மின் அயனியை நடுவிலிருக்கும் நேர்மின் முனை இழுக்கிறது. அங்கே அது எலெக்ட்ரான்களை இழந்து நேர்மின் அயனியாகிறது. இழுத்த அதே முனை இப்போது அதைப் பிடித்துத் தள்ளுகிறது. ஒரே மின்னழுத்தத்தில் இரண்டு வேலை! சிக்கனம் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

டி-9 என்னும் எஃகில் முதலில் சிறிது ஹீலியத்தைச் செலுத்தினார்கள். உலைக்குள் எஃகில் அந்த வாயு தானாகவே உண்டாவதால் இந்த ஏற்பாடு. பிறகு எஃகைச் சூடாக்கி, நிக்கல் அயனிகளைப் பாய்ச்சினார்கள். ஒரு பகுதியை மட்டும் மறைத்து வைத்தார்கள். மறைக்காத பகுதி வீங்கி, படிபோல் உயர்ந்து நின்றது. அந்தப் படியின் உயரமே வீக்கத்தின் அளவு. எஃகில் கலக்கும் டைட்டேனியத்தைச் சற்றே கூட்டிக் குறைத்தாலும் வீக்கம் மாறுவதை இப்படித்தான் கண்டார்கள்.

உலையில் ஆண்டுக்கணக்கில் நேரும் சேதம் இங்கே சில மணி நேரத்தில் முடிகிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. அயனி நுழையும் ஆழம் தலைமுடியின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். மேலும், விரைந்து வரும் சேதமும் மெல்ல வரும் சேதமும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. ஆகையால், உலையிலிருந்து எடுத்த குழாய்களைத் தடித்த சுவருக்குப் பின்னால் வைத்து, இயந்திரக் கைகளால் வெட்டிப் பார்க்கிறார்கள். அயனிக்கற்றை சொன்ன கணக்கை அந்தக் குழாய்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஓர் எஃகை நம்புகிறார்கள்.