பதுளைத் தடையுத்தரவும் புண்படுத்தும் பத்திகளும்

1940ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி பதுளையில் ஒரு பொதுக்கூட்டம் நடைபெற்றது. கூட்டங்கள் எதுவும் நடத்தலாகாது என்று பதுளை நீதவான் அதற்கு முன்னரே தடையுத்தரவு பிறப்பித்திருந்தார். அதனைப் பெற முன்னின்றவர்கள் தோட்டத்துரைமார். தடையை மீறிப் பேசியவர் லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த கலாநிதி என். எம். பெரேரா. திரண்டிருந்த தொழிலாளர் தொகையைக் கண்ட பொலிஸாரால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தவன் ஒரு கூட்டத்தைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. பிறரைப் புண்படுத்தும் பத்திகளுக்குச் சட்டம் வேலி போட வேண்டும் என்ற கோரிக்கை நம் நாட்டில் அடிக்கடி எழுகிறது. முப்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் நானும் அந்தக் கோரிக்கையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதிலே நியாயம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆயினும் அதற்கு விடை சொல்லுமுன், வேலி போடும் அதிகாரம் யார் கையில் இருந்தது, அந்த வேலி யாரை அடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கு ஊவாவின் தோட்டங்களைப் போல் பொருத்தமான இடம் வேறில்லை.

அந்நாளைய தோட்டம் ஒரு தனி இராச்சியம். லயன் அறையும், பிரட்டுக்களமும், அவற்றுக்குச் செல்லும் பாதையும் தோட்டத்தின் சொத்து. தொழிற்சங்கக்காரர் உள்ளே காலெடுத்து வைத்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சையிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத்தான் தோட்டங்களுக்குள் போய்த் தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். 1920களில் தாம் நடத்திய ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளில் துரைமாரையும் கங்காணிமாரையும் பெயர் சுட்டி அவர் கண்டித்தார். எழுத்தறியாதவர்களுக்காக அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். துரைமாரின் பார்வையில் இவையெல்லாம் புண்படுத்தும் எழுத்து, புண்படுத்தும் பேச்சு. தொழிலாளியின் பார்வையில், தன் துன்பத்தை முதன்முதலாக எவரோ அச்சில் ஏற்றியிருக்கிறார் என்ற ஆறுதல். ஒரே பத்திதான், படிப்பவரைப் பொறுத்துப் பொருள் மாறியது.

1937இல் இந்தக் கேள்வி நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கே போயிற்று. தேயிலைத் தொழில் பழக வந்த மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர், மடுல்கலைப் பகுதியிலிருந்த ரெலுகாஸ் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டபின் சமசமாஜிகளுடன் சேர்ந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தொழிலாளர்கள் முன்னிலையில் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். வெள்ளைத்தோலர் ஒருவரே வெள்ளைத் துரைமாரைத் தாக்கிப் பேசியது அவர்களால் பொறுக்கக்கூடியதாக இருக்கவில்லை. ஆள்பதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். அரசாங்க சபை ஆள்பதியின் செயலைக் கண்டித்தது. மே மாதம் 18ஆந் திகதி, பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம், தன் பேச்சுரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரை இவ்வாறு நாடு கடத்த முடியாது என்று அவரை விடுவித்தது. கொலனித்துவ நீதிமன்றம் ஒன்று அளித்த தீர்ப்பு இது என்பதை நாம் மறக்கலாகாது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிலைமை வேறாயிற்று. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். வேலைநிறுத்தங்கள் தெற்கு நோக்கிப் பரவி ஊவாவை அடைந்தன. பதுளையின் வேவெஸ்ஸைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் தமக்கென ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அச்சபையுடன் கலந்தே நிர்வாகம் செய்யத் துரையும் இணங்கினார். சட்டம் ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களையே தொழிலாளர் பறித்துக்கொண்டனர். பதுளைத் தடையுத்தரவு இந்தச் சூழலிலேயே பிறந்தது. பின்னர் வந்த கடும் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளமும் போராட்டத்தைச் சாய்த்தன. ஜூன் மாதத்தில் சமசமாஜத் தலைவர்கள் கைதானார்கள். கட்சியின் அச்சகம் முத்திரையிடப்பட்டது. தமிழ்த் தொழிலாளருக்காக வந்துகொண்டிருந்த ‘சமதர்மம்’ பத்திரிகையும் அத்துடன் அடங்கிற்று. முதலில் மேடை, பிறகு அச்சகம்: தடை எப்போதும் இந்த வரிசையிலேயே வருகிறது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஏ. ஈ. குணசிங்க கொழும்புத் தொழிலாளரின் தன்னிகரற்ற தலைவராக விளங்கியவர். நடேசய்யர் அவருடன் தோளோடு தோள் நின்றவர். 1920களின் இறுதியில் இருவரும் பிரிந்தனர். பொருளாதார மந்தம் வந்து வேலையின்மை பெருகியபோது, குணசிங்கவின் ‘வீரய’ பத்திரிகை இந்தியத் தொழிலாளர் மீது, குறிப்பாக மலையாளிகள் மீது, வெறுப்பைக் கக்கியது. சிங்களவரின் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்பதே அதன் சாரம். அந்தப் பத்திகளுக்காக எந்த அச்சகமும் முத்திரையிடப்படவில்லை. மாறாக, அந்தப் பத்திகளின் குரல் மெல்ல மெல்ல அரசாங்கத்தின் குரலாயிற்று. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியர் நீக்கப்பட்டனர். ஜவஹர்லால் நேரு வந்து பேசியும் பயனில்லை. அவ்வேளையில்தான் இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாயிற்று. 1947 தேர்தலில் அக்காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது, பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. வாக்குரிமையும் போயிற்று. 1952இல் பாராளுமன்றத்தில் அவர்களுக்காகப் பேச அவர்களுடைய பிரதிநிதி ஒருவரும் இல்லை.

துரையைக் கண்டித்த எழுத்துக்குத் தடை வந்தது. தொழிலாளியை இழித்த எழுத்துக்கு வரவில்லை. இதைத் தற்செயல் என்று கொள்ள என்னால் முடியவில்லை. ‘புண்பட்டேன்’ என்று முறையிட நீதிமன்றத்தின் வாசற்படி தெரிந்திருக்க வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், பொலிஸார் காது கொடுக்க வேண்டும். லயத்தில் இருந்தவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிந்திய கதையும் பெரிதும் மாறிவிடவில்லை. 1995இல் வெளியான ஒரு வம்புப் பத்தியில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவை அவதூறு செய்தமைக்காக ‘சண்டே டைம்ஸ்’ ஆசிரியர் 1997இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். பின்னர் பத்திரிகையாளர்களின் இடைவிடாத முயற்சியால் 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது. அது பெரும் வெற்றி. ஆனால் ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவு திறக்கிறது. ஜெ. எஸ். திசைநாயகம் தாம் எழுதிய பத்திகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்டில் 20 ஆண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றார்; அடுத்த ஆண்டு மன்னிப்புப் பெற்றார். கிழக்கில் போர் நடத்தப்பட்ட விதத்தை விமர்சித்த பத்திகள், இனங்களுக்கிடையே பகைமை ஊட்டுவன என்று கொள்ளப்பட்டன.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இன்னும் கவனிக்கத் தக்கது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை நம் சட்டத்தில் சேர்ப்பதற்கென வந்தது அது. இன, மத வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்கும் அதன் 3ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கேடயமாகும் என்று எம்மில் பலர் நம்பினோம். 2019 ஏப்ரலில் அப்பிரிவின் கீழ் சிறை சென்றவர் ஒரு சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர், சக்திக சத்குமார. மறு மாதம் ஹசலக்கைப் பொலிஸார் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தனர். அவருடைய ஆடையில் இருந்த கப்பற் சுக்கானின் சித்திரம் தர்மச் சக்கரமாகத் தோன்றியதாம்! ஊவாவின் மகியங்கனை நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட அவர் இரு வாரங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவரது உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, சிங்கள பௌத்த வன்முறையைச் சாடிப் பத்தி எழுதிய குசல் பெரேரா மீதும் அச்சட்டத்தின் நிழல் விழுந்தது. கேடயமென எண்ணியது வாளாயிற்று.

சொல் ஒருபோதும் கொல்வதில்லை என்று நான் வாதிட வரவில்லை. பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவில் 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி என்ன நடந்தது என்பதை ஊவாவில் எவரும் மறக்க முடியாது. புனர்வாழ்வு முகாமில் அரசின் பொறுப்பிலிருந்த தமிழ் இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கும்பலால் கொல்லப்பட்டனர். முகாமுக்கு எதிரான சுவரொட்டிகள் அதற்கு முன்பே அப்பகுதியில் ஒட்டப்பட்டிருந்தன. பொலிஸார் அருகிலேயே நின்றனர். விசாரணை மன்றில் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது; மேன்முறையீடுகளின் பின் 2005க்குள் அவர்கள் அனைவரும் விடுதலையாயினர். தண்டிக்கத்தக்க சொல் எது என்று கேட்டால் நான் அந்தச் சுவரொட்டிகளையே சுட்டுவேன்: கையில் தடியுடன் நிற்பவனிடம், அண்மையில் இருக்கும் பாதுகாப்பற்ற மனிதர்களைக் காட்டிக் கொடுக்கும் சொல். எல்லைக்கோட்டை அங்கே போடுங்கள். மனம் புண்படும் இடத்தில் போடாதீர்கள். மனம் புண்படுவதற்கு அளவுகோல் இல்லை, அதை அளப்பவரோ எப்போதும் அதிகாரி.

அப்படியானால் புண்படுத்தும் பத்திக்கு மருந்தே இல்லையா? மலையகமே அதற்கு ஒரு விடை தந்திருக்கிறது. தோட்டத்து மக்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று இழித்தவர்கள் சிங்களவர் மட்டுமல்லர். தமிழரும் கூசாமல் சொன்னார்கள். அச்சொல்லைத் தடை செய்யுமாறு எவரும் மனுப் போடவில்லை. 1960களில் இர. சிவலிங்கம் முதலிய ஆசிரியர்களும் அவர்களிடம் பயின்ற இளைஞர்களும் ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரைத் தம் நெஞ்சில் ஏந்தினர். கதை எழுதினர், நாடகம் போட்டனர், பத்திரிகை நடத்தினர். இன்று அந்தப் பழைய சொல்லைப் பொதுமேடையில் உச்சரிப்பவன்தான் தலைகுனிய வேண்டியிருக்கிறது. எந்தச் சட்டமும் இதைச் சாதித்திருக்காது.

2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோதும் அதே வாக்குறுதிதான் தரப்பட்டது: எளியோரைக் காக்கவே இது என்று. அத்தகைய சட்டம் எதுவரினும் ஆதரிக்குமுன் என் இளைய சகாக்கள் ஒன்றைச் செய்ய வேண்டும். அதன் வாசகத்தை எடுத்து, 1940இன் பதுளை நீதவானின் மேசையில் வைத்துப் பாருங்கள். வேவெஸ்ஸைத் தொழிலாளியை அது காக்குமா, துரையைக் காக்குமா? விடை துரை என்று வருமானால், அச்சட்டம் எத்தனை இனிய சொற்களால் எழுதப்பட்டிருந்தாலும் அதற்கு நம் பேனாவால் கையெழுத்திடலாகாது.