கட்டிலும் கசேரையும்: அனந்தபுரித் தமிழர் வீடுகளில் பழமையும் புதுமையும்

கரமனை, வலியசாலை, கோட்டையகம் என்று திருவனந்தபுரத்தில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறி வருகின்றன. பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். பெற்றோர் இரண்டு அறை ஃப்ளாட்டில். அப்போது எழும் கேள்வி ஒன்றுதான்: "பழைய சாமானையெல்லாம் என்ன பண்றது மாமா?" வியாபாரி அதை 'ஆன்டிக்' என்கிறார். பிள்ளைகள் "ஓட்டை உடைசல்" என்கிறார்கள். கடைக்காரரோ நேற்றுச் செய்த மேசைக்குக் கறுப்புச் சாயம் பூசி 'ஆன்டிக் ஃபினிஷ்' என்று விற்கிறார். மூவர் சொல்வதையும் எடைபோட வேண்டுமானால் நம் வீட்டு மரச்சாமான்களின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கே இக்கட்டுரை.

முதலில் சொற்களைப் பார்ப்போம். கட்டில், ஊஞ்சல், மணை, பெட்டி, பலகை ஆகியவை நம் சொற்கள். பழந்தமிழர் கட்டிலுக்கு எத்தனை மதிப்புக் கொடுத்தனர் என்பதை நக்கீரரின் நெடுநல்வாடை காட்டும். போரில் மாண்ட நாற்பது வயது யானையின் தந்தத்தைக் கொண்டு அரசியின் கட்டில் செய்யப்பட்டதாக அந்நூல் விரிவாகக் கூறுகிறது. ஆனால் மேசையும் அலமாரியும் போர்த்துகீசியர் கொண்டுவந்த சொற்கள். ஈழத்தவர் சொல்லும் 'கதிரை'யும் அங்கிருந்து வந்ததே. மலையாளத்தில் 'கசேர' என்பதையும் அந்த வழியில் வந்ததாகவே சொல்வார்கள். நாம் மட்டும் கால்களை எண்ணி 'நாற்காலி' என்று பெயர் வைத்துக்கொண்டோம்! ஆக, நம் கூடத்தில் நிற்கும் சாமான்களின் பெயர்களிலேயே உள்ளூரும் வெளியூரும் கலந்திருக்கின்றன.

அக்கிரகாரத்து வீடு நீண்டு குறுகியது. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என்று வரிசையாகப் போகும். உட்காரத் தரையும் மணையும், சாப்பிட இலை, படுக்கப் பாய். பெரிய சாமான் என்றால் ஊஞ்சல், நெல் போட்டுவைக்கும் பத்தாயம், பித்தளைப் பட்டை அடித்த மரப்பெட்டி, ஒரு கட்டில், அவ்வளவுதான். மேசையும் நாற்காலியும் சர்க்கார் உத்தியோகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தன என்பது என் கருத்து. 1869-இல் ஹஜூர் கச்சேரிக்கு, அதாவது இன்றைய தலைமைச் செயலகத்துக்கு, புதுக் கட்டிடம் எழுந்தது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர் வீட்டிலும் ஒரு எழுத்து மேசை வேண்டும் என்று நினைத்தது இயல்புதானே? பிரம்பு பின்னிய சாருகசேர, கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி எல்லாம் அதன் பின்னே வந்திருக்க வேண்டும்.

இந்தக் கலப்புக்கு அரண்மனைகளே முன்னோடி. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1601-இல் தொடங்கப்பட்டது. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூரின் ஆட்சி அங்கிருந்துதான் நடந்தது. 1956-இல் கல்குளம் வட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரள அரசே பராமரிக்கிறது. கேரளத்துத் தச்சர் செதுக்கிய மரக்கூரையின் கீழே சீன நாற்காலி கிடக்கிறது. மூலிகை மரத் துண்டுகளால் ஆன கட்டிலை டச்சுக்காரர் கொடுத்த பரிசு என்று சொல்வார்கள். ஒன்றோடொன்று சண்டை போடாமல் எல்லாம் ஒரே வீட்டில் இருக்கின்றன.

இன்னொரு சான்று, உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா விக்டோரியா ராணிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம். 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இந்திய வேலைப்பாடும் ஐரோப்பிய வடிவமும் கலந்த அந்த ஆசனத்தில் அமர்ந்து ராணி 1876-இல் புகைப்படம் எடுத்துக்கொண்டார். இன்றும் அது பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் உள்ளது. தந்த வியாபாரத்தின் காலம் முடிந்துவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986, 1991 திருத்தங்கள் அதை அறவே தடை செய்துவிட்டன. "பழைய தந்தம் பதிச்ச பெட்டி சார்" என்று யாராவது விற்க வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவதே நல்லது.

இனி மரம். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை ராஜ மரங்கள். குடிமகன் நிலத்தில் வளர்ந்தாலும் அவை சர்க்காருக்கே உரியவை. சாதாரண வீடுகளில் பலாவும் அயினியும் அதிகம் புழங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். இந்தப் பழைய விதி இன்றும் செத்துவிடவில்லை. பட்டா நிலத்து மரங்களை வெட்ட வழிவிட்டு 2020 அக்டோபரில் கேரள வருவாய்த் துறை ஓர் உத்தரவு போட்டது. அதைச் சாக்காக வைத்து வயநாட்டு முட்டிலில் ஈட்டி மரங்கள் வெட்டப்பட, பெரிய வழக்காயிற்று. உத்தரவு 2021 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே, உங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஈட்டி மேசை இருந்தால் அதுபோல் இன்னொன்று செய்வது எளிதல்ல. பலா மரச் சாமான் என்று அலட்சியமும் வேண்டாம். மஞ்சளாகத் தொடங்கி, வயது ஏற ஏறச் செம்பழுப்பாகக் கனிவது அதன் அழகு.

எது 'ஆன்டிக்'? 1972-இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி, வரலாறோ கலையோ கைத்தொழிலோ விளங்கும் பொருள் நூறு ஆண்டு கடந்திருந்தால் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது; வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். கொள்ளுத்தாத்தாவின் செதுக்குக் கட்டிலை நியூஜெர்ஸிக்குக் கப்பலேற்ற நினைப்பவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும். வயதில் சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் காட்டிச் சான்று பெறலாம். அப்பா காலத்து 1950, 60-களின் சாமான்களுக்கு 'வின்டேஜ்' என்று பெயர். அவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

போலியைக் கண்டுபிடிக்க மேல்பக்கம் பார்க்காதீர்கள். இழுப்பறையை உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். கையால் இழைத்த பலகையில் லேசான மேடு பள்ளம் தெரியும். கையால் வெட்டிய பொருத்துகள் ஒன்றுபோல் இருக்காது. கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பழுது பார்க்கும்போது போட்டதாக இல்லாமல், தொடக்கத்திலிருந்தே அது இருந்தால் அந்தச் சாமானுக்கு நூறு வயது ஆகவில்லை.

புதுசு வாங்குவதும் குறைவான காரியமல்ல. ரப்பர் மரம் பால் வற்றி இருபத்தைந்து முப்பது ஆண்டில் வெட்டப்படுவது. அதில் செய்த சாமானால் காட்டுக்குச் சேதமில்லை. போரான் மருந்து ஏற்றிப் பதப்படுத்தியதுதானா என்று மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் வண்டு துளைத்துவிடும். தேக்கு என்றால் வைரம் பாய்ந்த பகுதிதானா என்று பாருங்கள். ஓரத்து வெள்ளை மரத்தைக் கரையான் விடாது. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. எந்தச் சாமானையும் சுவரோடு ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிப் போடுவது நல்லது. இந்நகரில் குடியேறி 2007-இல் மறைந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர், இடித்த வீடுகளின் மரங்களைப் புது வீடுகளில் பொருத்தினார். செங்கல்லிலேயே இருக்கைகள் கட்டினார். பழசும் புதுசும் எதிரிகள் அல்ல என்பதை அவர் வீடுகளில் பார்க்கலாம்.

என் முடிவு இதுதான். வயதை மட்டும் பார்த்து எதையும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். இந்த வீட்டில் இதற்கு என்ன வேலை என்று கேளுங்கள். பத்தாயத்துக்கு ஃப்ளாட்டில் இடமில்லை. அதன் பலகை புத்தக அலமாரி ஆகலாம். ஊஞ்சலைத் தாங்கும் கொக்கி கூரையில் இல்லையென்றால், அந்தப் பலகைக்குக் கால் வைத்தால் பெஞ்சு. சாருகசேரைக்குப் புதுப் பிரம்பு பின்னினால் இன்னும் ஒரு தலைமுறை உட்காரும். கூடவே கட்டிலும் சோபாவும் புதிதாக வாங்குங்கள், தப்பில்லை.

ஆனால் எதையாவது விற்பதற்கு முன், அது யார் செய்வித்தது, என்ன மரம், எந்த வீட்டில், எந்த அறையில் இருந்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி, ஒரு படமும் எடுத்து வையுங்கள். அரண்மனைக் கட்டிலின் கதையைச் சொல்ல அரசு இருக்கிறது. திருவிதாங்கூர்த் தமிழ்க் குடும்பங்கள் எப்படி உட்கார்ந்தார்கள், எதில் நெல் அளந்தார்கள், எந்த மேசையில் கணக்கு எழுதினார்கள் என்று சொல்ல நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?