சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி

பெங்களூர் மர்பி டவுனில் அத்தை வீட்டு முன்னறையில் ஓர் ஆணி உண்டு. நாக்ஸ்பேட்டை என்பது இந்தப் பேட்டையின் பழைய பெயர். அத்தை இன்னும் சில சமயம் அப்படித்தான் சொல்வார். அந்த ஆணியில் பல வருஷம் மேட்டி துணியில் குறுக்குத் தையல் போட்ட ‘வெல்கம்’ தொங்கியது. இப்போது தொங்குவது மரம். அரை மில்லிமீட்டர் கனமுள்ள சில்வர் ஓக் ஏடு, அதன்மேல் கரும்பச்சை நூலில் ஒரு மிளகுக்கொடி.

கொடியைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கத்து மரம். குடகிலும் சிக்கமகளூரிலும் காபிச் செடிக்கு நிழல் தர நட்டார்கள். மிளகு ஏறுவதும் அதன் உடம்பில்தான். வெட்டிய கட்டையை வெந்நீரில் ஊறப்போட்டு, இளகியதும் கத்தியில் கொடுத்து ஏடு ஏடாகச் சீவுகிறார்கள். நடுவிலிருந்து பட்டை நோக்கிப் போகும் வாக்கில் சீவினால் லேஸ் பின்னியது போலப் பளபளப்பான திட்டுகள் தெரியும். மைசூர் ரோட்டில் நியூ டிம்பர் யார்டு லேஅவுட்டில் இரண்டு ஏடு வாங்கி, அட்டைகளுக்கு நடுவே வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கிடத்திக் கொண்டுவந்தேன்.

தைத்தது கமர்ஷியல் தெருப் பக்கம், ரவிக்கைக்கு எம்பிராய்டரி போடும் கம்ப்யூட்டர் மெஷினில். பிரான்சின் முலூஸில் ஜோசுவா ஹெய்ல்மன் 1828இல் முதல் எம்பிராய்டரி மெஷினைச் செய்த நாளிலிருந்தே இந்த மெஷின்கள் துணியை நம்பியவை. துணியில் ஊசி இறங்கினால் இழைகள் விலகி வழிவிடும். பிரித்தால் நீவிச் சரிசெய்யலாம். மரத்தில் விழுந்த துளை துளைதான். பிரித்துத் தைக்க வழியே இல்லை.

முதல் ஏட்டை நான்தான் கெடுத்தேன். இலைகளை சாட்டின் தையலில் நிரப்பச் சொன்னேன். ரவிக்கைக்குப் போல வரிக்கு வரி 0.4 மில்லிமீட்டர். மூன்றாவது இலையின் ஓரம் தபால்தலை ஓரம்போலத் துளைத்துப்போய், மரத்தின் ரேகை ஓடிய வாக்கில் டப்பென்று பிளந்தது. அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கியது.

இரண்டாவதற்கு இலைகளை வெறும் கோடாக்கினோம், தையலுக்குத் தையல் 3 மில்லிமீட்டர். ரேகையின் வாக்கிலேயே ஓடிய காம்பைச் சற்றுச் சாய்த்தோம். துளைகள் ஒரே ரேகையில் வரிசையாக விழக் கூடாது. துணியை இறுக்கும் வளையத்தில் மரத்தை இறுக்க முடியாது. பசையுள்ள பின்தாளை இறுக்கி, ஏட்டை அதன்மேல் ஒட்டினோம். கூர்முனை 75ஆம் நம்பர் ஊசி, வேகம் நிமிடத்துக்கு 400 தையல். ஒவ்வொரு குத்துக்கும் மெல்லிய ‘டக்’. துணியில் அந்தச் சத்தம் கிடையாது. ஏட்டின் நுனியில் இரண்டு விரல் வைத்துக்கொண்டே நின்றேன்.

ஃப்ரேம் போடுபவர் விவரமானவர். மழைக்காலத்தில் மரம் ரேகைக்குக் குறுக்கே விரியும் என்று பக்கவாட்டில் கொஞ்சம் இடம் விட்டார். கண்ணாடி நூலில் படாதபடி உள்ளே மெல்லிய சட்டம் கொடுத்தார். பின்பலகைக்கு மட்டும் ஆணியடிக்க வேண்டாமென்று நானே சொல்லி வாங்கிவந்தேன்.

அத்தை முன்பக்கத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு திருப்பி, பலகையை எடுத்துவிட்டுப் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

“முடிச்சு எங்க கண்ணு?”

முடிச்சு இல்லை அத்தை, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக நாலு சின்னத் தையல், அதுவே பிடித்துக்கொள்ளும் என்றேன். அந்த இடத்தை நகத்தால் மெதுவாக நெருடிப் பார்த்துவிட்டு, சுத்தியலை எடுத்துவரச் சொன்னார்.