பதிவேட்டுக்கு முந்திய பாட்டனார்

அயர்லாந்தில் எல்லோரது பிறப்பு இறப்பையும் பதிவது 1864 இல்தான் தொடங்கியது. 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறியோரின் வாரிசுகள், முன்னோரைத் தேவாலய ஏடுகளிலும் கல்லறைகளிலும் தேடுகின்றனர்.

இலங்கையில் அச்சட்டம் வந்தது 1867 இல். அதற்கு முந்திய பாட்டனாரை ஆலங்குடாவில் எங்கே தேடுவது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இக்கரையில் குடிசையிட்டனர். பலரது காணி உறுதிகள் கைநழுவின. மீஸான் கற்களோ பிறந்த மண்ணிலேயே நின்றுவிட்டன.

எஞ்சியது உம்மும்மாவின் நினைவு: இன்னார் மகன் இன்னார், இன்ன தெரு, இன்ன பள்ளிவாசல். இன்றே கேட்டு எழுதி வையுங்கள். பிறப்புச் சான்று தொலைந்தால் நகல் கேட்கலாம். உம்மும்மா மறைந்தால் எந்தக் கச்சேரியில் கேட்பது?