கருவாட்டில் ஒட்டிய மணல்

கருவாட்டு ஆணம் ஆக்குமுன் நம் இல்லத்துப் பெண்மணிகள் அதனைப் பக்குவப்படுத்தும் முறையை நாம் அறிவோம். நெத்திலியாயின் தலையைக் கிள்ளி, வெந்நீரில் சற்றே இட்டு, மணல் அடியில் தங்கத் தங்க மூன்று நான்கு முறை அலசுவர். சீலா, சுறா போன்ற தடித்த துண்டங்களாயின் நெடுநேரம் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குவர். பின்னர் அரிசி களைந்த நீரில் ஒரு முறை கழுவுவர். ஆணத்துக்கு உப்பிடுவதோ, கருவாடு வெந்து, சுவை பார்த்த பின்னரே. உம்மாவிடம் மகள் கண்டு கற்ற கலை இது.

இங்ஙனம் கழுவிப் போக்கப்படுபவை இரண்டு: உப்பும் மணலும். உப்பு, மீனைக் காக்க இட்டது. மணலோ எவரும் விரும்பி இட்டதன்று. இவ்விரண்டுக்கும் பின்னே ஒரு வரலாறு உண்டு.

மீனை உணக்குவது நம் கடற்கரையின் பழந்தொழில். உணங்கும் மீனைப் பறவைகள் கவராமல் காத்த பரதவர் மகளிரையும், உப்பு வண்டிகளோடு உள்நாடு சென்ற உமணரையும் சங்கப் பாடல்களில் காண்கிறோம். மீனும் உப்பும் ஒரே கரையில் விளைந்த செல்வங்கள்.

1805ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. தன் காலடியில் தானே பூத்த உப்பை வாரியெடுப்பதும் மீனவனுக்குக் குற்றமாயிற்று. பிடித்த மீனோ ஒரு பொழுதுகூடத் தாங்காது. உப்பு வாங்க வகையற்றோர் சிறிதே உப்பிட்டும், உப்பே இன்றியும் வெறும் மணலில் மீனைக் காயவைத்தனர். இந்திய, பர்மியக் கடல் மீன்களைக் குறித்து 1873இல் வெளியான தம் அறிக்கையில் டாக்டர் பிரான்சிஸ் டே, உப்பு வரி இத்தொழிலை நலிவுறச் செய்வதை எடுத்துக்காட்டினார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், வரியில்லா உப்பு வழங்கும் மீன் பதனிடும் முற்றங்களை அரசு கடற்கரையில் அமைத்தது. ஆனால் அச்சலுகை வேலிக்குள் கொண்டுவந்த மீனுக்கு மட்டுமே. வீட்டு அடுப்புக்கு அன்று. 1907இல் சர் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் தொடங்கிய சென்னை மீன்துறையும் தூய்மையாகப் பதனிடும் வழிகளை ஆராய்ந்தது.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்பு அள்ளினர். அது கருவாட்டுக்காக நடந்த போராட்டமன்று. எனினும் உப்பின்றி மீன் அழுகக் கண்ட கரையோர மக்களுக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1947 பிப்ரவரி 28 அன்று, இடைக்கால அரசின் நிதியமைச்சர் லியாகத் அலிகான் தம் வரவு செலவுத் திட்டத்தில் உப்பு வரியை நீக்குவதாக அறிவித்தார்.

வரி போயிற்று, மணல் முற்றிலும் போகவில்லை. சிமென்ட் தளமும் உயர்ந்த பரண்களும் இல்லாத கரைகளில் மீன் இன்றும் மணலிலேயே காய்கிறது. அவற்றை அமைத்துக் கொடுத்தால் மீனவப் பெண்ணின் உழைப்புக்கு நல்ல விலை கிட்டும்; நம் சட்டிக்கும் தூய கருவாடு வரும். அதுவரை, அலசும் நீரில் அடியில் தங்கும் மணலை வெறும் அழுக்கென்று கொட்டிவிடாமல், ஒரு பிடி உப்புக்காக நம் கரைகள் பட்ட பாட்டையும் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.