இறைமையும் அரிசியும்: சுதந்திர இலங்கையின் தொடக்ககால வெளியுறவு (1948–1957)

1948 பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திரமடைந்த இலங்கை, அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்புரிமைக்கு விண்ணப்பித்தது. பாதுகாப்புச் சபையில் சோவியத் ஒன்றியம் தனது வெட்டதிகாரத்தால் அதனைத் தடுத்தது. இலங்கை உண்மையிலேயே இறைமையுள்ள நாடா என்ற ஐயமே அதற்குக் கூறப்பட்ட காரணமாகும். 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் கைச்சாத்திடப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையும், அதன்படி திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் நீடித்த பிரித்தானியத் தளங்களும் அவ்வையத்துக்கு இடமளித்தன. பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவோ, தற்காப்பு வலிமையற்ற ஒரு சிறிய தீவுக்கு அவ்வுடன்படிக்கை அரண் எனக் கருதினார்.

இவ்வையத்துக்கான முதல் விடை இராசதந்திர அரங்கிலிருந்து வரவில்லை. உணவு நெருக்கடியிலிருந்தே வந்தது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் ஏற்றுமதி வருவாயைக் கொண்டே இலங்கை தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியை இறக்குமதி செய்தது. கொரியப் போர்க்காலத்தில் உயர்ந்த இறப்பர் விலை பின்னர் சரிந்தது. அரிசியோ உலகச் சந்தையில் அரிதாகி விலையேறியது. இந்நிலையில் 1952 டிசம்பரில், வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கவின் முயற்சியால், சீனாவுடன் ஐந்தாண்டு கால இறப்பர் – அரிசி ஒப்பந்தம் பீக்கிங்கில் கைச்சாத்தானது. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு ஈடாக 270,000 தொன் அரிசி பெறுவதென உடன்பாடு காணப்பட்டது. இறப்பருக்குச் சீனா சந்தை விலையினும் கூடிய விலை வழங்கியது.

ஒப்பந்தத்தைச் செய்தது இடதுசாரி அரசன்று. பொதுவுடைமையை வெளிப்படையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி அரசே. இரு நாடுகளுக்குமிடையே அப்போது தூதரகங்களும் இல்லை. சீனாவுக்குப் போர்த்தளபாட முக்கியத்துவமுடைய பொருள்களை அனுப்பலாகாதென 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பரிந்துரைத்திருந்தது. சோவியத் தடையால் உறுப்புரிமை பெறாதிருந்த இலங்கை, உறுப்பு நாட்டுக்குரிய கடப்பாடு தனக்கில்லாத நிலையில் இறப்பரை அனுப்பியது. அமெரிக்காவின் அதிருப்தியையும் உதவி மறுப்பையும் அது ஏற்றுக்கொண்டது. பிரித்தானியத் தளங்களைத் தன் மண்ணில் வைத்துக்கொண்டே மேற்குலகின் விருப்பத்துக்கு மாறாகச் செயற்பட்டமை, இறைமை என்பது உடன்படிக்கை வாசகங்களால் மட்டும் அளவிடப்படுவதன்று என்பதைக் காட்டுகிறது.

1955 டிசம்பர் 14ஆம் நாள் வேறு பதினைந்து நாடுகளுடன் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் இணைந்தது. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் காலத்தில் சீனாவுடனும் சோவியத் ஒன்றியத்துடனும் தூதுறவு ஏற்பட்டது. 1957இல் தளங்களும் கையளிக்கப்பட்டன. அணிசேராமை எனப் பின்னர் கொள்கைவடிவம் பெற்றதன் நடைமுறைத் தொடக்கத்தை 1952இல் காண்பது பொருத்தமாகும்.

எனினும் அவ்விறைமைக்கு உள்நாட்டில் ஓர் எல்லை இருந்தது. சீனா சென்ற இறப்பரின் பாலை வெட்டியோரில் ஒரு பகுதியினர் இந்திய வம்சாவளித் தமிழர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அச்சமூகத்தின் பெரும்பாலோரை நாடற்றோராக்கியிருந்தது. 1954இன் நேரு – கொத்தலாவல உடன்படிக்கையும் அவர்தம் நிலையைத் தீர்க்கவில்லை. உலக அரங்கில் தன் தகுதியை நிறுவ முயன்ற நாடு, அதற்குப் பொருள் ஈட்டித் தந்த உழைப்பாளருக்கு அந்நாட்டவர் என்ற தகுதியை மறுத்தது.