அரிக்கமேட்டு ஓடுகள்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை 1945ஆம் ஆண்டில் அகழ்ந்த மார்ட்டிமர் வீலரின் சிந்தையை முதன்மையாகக் கவர்ந்தவை, செந்நிற மெருகு குன்றாமல், சிலவற்றின் நடுவே குயவனின் முத்திரையும் பதிந்து, உள்ளங்கையில் அடங்குமாறு உடைந்து கிடந்த ஓட்டுத் துண்டுகளே. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்து மரபில் வனையப்பட்ட அக்கலங்களின் காலம் ஐரோப்பிய ஆராய்ச்சியால் முன்னரே நிர்ணயிக்கப்பட்டிருந்தமையால், அவற்றை ஆதாரமாகக் கொண்டு, அதே மேட்டில் கிடைத்த, காலம் தெரியாத நம் நாட்டுப் பாண்டங்களுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டையொட்டிக் காலம் வகுக்க அவருக்கு இயன்றது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு இதனினும் பெரிய உபகாரம் அக்காலத்தில் வேறொன்று வாய்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும், அயல்நாட்டுக் கலம் கிடைத்ததனாலேயே அயலாரே ஊரை உண்டாக்கினர் என்று துணிவது அவசரமாகும். உட்புறத்தில் வட்டவட்டமாகப் புள்ளி வரிசை பதித்த தட்டுகளில் வீலர் மேலைநாட்டுச் சாயலைக் கண்டார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி முதலியோர் நிகழ்த்திய அகழ்வோ, ரோமானிய வாணிகம் செழிக்கும் முன்பே, கிறிஸ்து சகாப்தத்துக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே, அங்கு மக்கள் வாழ்ந்ததைப் புலப்படுத்திற்று. தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய ஓடுகளும், மணி செய்கையில் பின்னமாகிக் கழித்தெறியப்பட்ட கல், கண்ணாடித் துணுக்குகளும், அம்மேட்டில் இருந்து உழைத்த கைவினைஞரின் பிரத்தியட்சச் சான்றுகள்.